பட்டா எல்லை வேற, தண்ணி எல்லை வேற: வாசகர் கேள்வி பதில்

ஊர்த் திட்டமிடல், சுற்றுச்சூழல் திட்டமிடல்னு ஒரு வேலை இருக்கு, அதைப் பாக்குறவங்ககிட்ட உங்களுக்குக் கேக்க ஏதாவது இருந்தா எழுதுங்கன்னு போன இதழ்ல ஒரு சின்ன பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். வந்ததுல பாதி திட்டு, மீதி கேள்வி. திட்டையும் கேள்வியாவே எடுத்துக்கிட்டு, அந்த வேலையில இருக்குற நானே பதில் எழுதியிருக்கேன்.

மேடம், 2015ல முங்கினோம், 2023 மிக்ஜாம்லயும் முங்கினோம். எங்க அபார்ட்மென்ட்டுக்கு ப்ளான் அப்ரூவல் இருக்கு, பேங்க் லோன் குடுத்திருக்கு, வக்கீல் டாகுமென்ட் எல்லாம் பாத்துட்டு சுத்தமா இருக்குன்னுதான் சொன்னார். அப்போ இந்த ப்ளான் போடுறவங்க எல்லாம் தூங்கிட்டா இருந்தாங்க?
– வேளச்சேரி வாசகி

தூங்கியிருந்தா கூட மன்னிச்சு விட்டுரலாம்ங்க, முழிச்சிட்டிருந்துதான் செஞ்சாங்க. சென்னைக்கு முதல் மாஸ்டர் ப்ளான் 1976ல வந்துச்சு, ரெண்டாவது 2008ல, அது 2026 வரைக்கும், இப்போ மூணாவதுக்கு வேலை ஓடுது, 2027லருந்து 2046 வரைக்கும்னு. இந்த ப்ளான்ல என்ன பண்ணுவாங்கன்னா ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு கலர் அடிப்பாங்க, குடியிருப்புன்னா மஞ்சள், தொழிற்சாலைன்னா ஊதா, இப்படி. உங்க மனை மஞ்சள்ல இருந்துச்சு, நாலு பக்கமும் விட வேண்டிய இடம் விட்டிருக்காங்க, பார்க்கிங் காட்டியிருக்காங்க, முடிஞ்சுது, அப்ரூவ்டு. மேல பெய்யுற மழை உங்க காம்பவுண்டு வழியா எங்க போகணும்னு அந்த ஃபைல்ல யாரும் கேக்கல.

பட்டாவுக்கு ஒரு எல்லை இருக்கு, தண்ணிக்கு வேற ஒரு எல்லை இருக்கு, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு பொருந்தாது, நான் இத்தனை வருஷமா மீட்டிங் மீட்டிங்கா போயி தொண்டை வத்த சொல்றது இந்த ஒரே விஷயத்தைத்தான். உங்க ஏரியாவையே எடுத்துக்கோங்க. செம்பாக்கம் ஏரி நெறஞ்சா நன்மங்கலத்துக்குப் போகும், அது நெறஞ்சா கீழ்க்கட்டளை, அப்புறம் நாராயணபுரம், கடைசியா பள்ளிக்கரணை. இதுபோல சுத்துவட்டாரத்துல இருக்குற எத்தனையோ ஏரியோட மிச்சத் தண்ணி எல்லாம் வந்து உக்காருற எடம் அந்தச் சதுப்பு நிலம், வேளச்சேரி தண்ணியும் அங்கதான் எறங்கணும். ஊர்க்காரங்க அதை கழுவெளின்னு சொல்லுவாங்க. அம்பது அறுபது வருஷத்துக்கு முன்னாடி சுமாரா 5,000 ஹெக்டேர் இருந்துச்சுன்னு சொல்றாங்க, 2022ல உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலங்களோட ராம்சார் பட்டியல்ல சேத்தப்போ எழுதினது 1,247 ஹெக்டேர். அங்கருந்து வெளிய போறதுக்கு ஒக்கியம் மடுவுன்னு ஒரு வாசல், அதைத் தாண்டி பக்கிங்ஹாம் கால்வாய், அப்புறம் கோவளம் பக்கம் கடல். அத்தனை ஊர்த் தண்ணிக்கும் வாசல் அதுதான்னு வெச்சுக்கோங்க.

அப்புறம் அதை ஏன் விட்டாங்கன்னு கேப்பீங்க. வெள்ளக்காரன் காலத்துலருந்து ரெவின்யூ கணக்குல எந்த நிலம் வரி குடுக்கலியோ அது தரிசு. நாணலும் தண்ணியும் எங்கருந்து வரி குடுக்கும்? சும்மா கெடக்குற அரசாங்க நிலம்தானேன்னு ரோடு, கம்பெனி, காலேஜ், பெருங்குடி குப்பைக் கிடங்குன்னு ஒண்ணொண்ணா உள்ள வந்துச்சு. அரசாங்கமே ஏரில வீடு கட்டி அதுக்கு ஏரித் திட்டம்னே பேரும் வெச்ச ஊரு இது, முகப்பேர் பக்கம் கேட்டுப் பாருங்க. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு இருக்கு, அங்க நின்னு எந்தப் பக்கம் பாத்தாலும் லேக் தெரியாது, ஏன்னா அந்த ஏரியத் தூர்த்துட்டுத்தான் 1920கள்ல தி.நகரையே போட்டாங்க. வள்ளுவர் கோட்டம் நிக்குறதும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த எடம்தான்.

இனிமே வாங்கப்போறவங்களுக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன். வில்லங்க சான்றிதழ் பாக்குறீங்கல்ல, கூடவே எந்த நம்பர் என்ன வகை நிலம்னு சொல்ற ‘அ’ பதிவேடும், மனையோட எல்லையும் அளவும் காட்டுற எஃப்எம்பி வரைபடமும் எடுங்க, அரசு வெப்சைட்லயே கெடைக்குது. உங்க சர்வே நம்பர மட்டும் பாக்காதீங்க, சுத்தி இருக்குற நம்பரெல்லாம் ஏரி, ஓடை, வாய்க்கால்னு இருக்கான்னு பாருங்க. கூகுள் எர்த்ல பழைய வருஷத்து படத்துக்குப் போயி டிசம்பர் மாசத்துல அந்த எடம் என்ன கலர்ல இருக்குன்னு பாருங்க. அப்புறம் தெருமுனை டீக்கடையில போயி, அண்ணே இங்க தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சுன்னு கேளுங்க, அவரு சுவத்துல கைய வெச்சே காட்டுவாரு.

நான் சிங்கப்பூர்ல இருவது வருஷமா இருக்கேன். எங்க பிஷான் பார்க்ல கான்கிரீட் கால்வாயா இருந்ததை அழகான ஆறா மாத்திட்டாங்க, பிள்ளைங்க எறங்கி விளையாடுது. கூவத்துல ஏன் அப்படி செய்யக்கூடாது? ப்ளானர்ஸ் இல்லியா, காசு இல்லியா?
– சிங்கப்பூர் வாசகர்

ப்ளானரும் இருக்காங்க, காசும் அப்பப்போ வந்துட்டுதான் இருக்கு. பிஷான்ல நடந்தது உண்மையிலயே நல்ல வேலைங்க, 2.7 கிலோமீட்டர் நேர்கோடு கான்கிரீட் கால்வாய ஒடச்சு 3.2 கிலோமீட்டர் வளைஞ்சு நெளிஞ்சு ஓடுற ஆறா மாத்தி 2012ல தெறந்தாங்க. மழை நேரத்துல ஆறு பார்க்குக்குள்ளயே பரவிக்கும், மழை விட்டா வடிஞ்சு புல்லு வெளிய வந்துரும், வெள்ளம் வந்து நிக்கிறதுக்குன்னே எடம் ஒதுக்கியிருக்காங்க பாருங்க, அதுதான் அதுல இருக்குற பெரிய சூட்சுமம்.

ஆனா நீங்க பாக்குறது கடைசி அத்தியாயம். முதல் அத்தியாயம் 1977லருந்து 1987 வரைக்கும் பத்து வருஷம் சிங்கப்பூர் ஆத்தையும் காலாங் பகுதியையும் சுத்தம் பண்ணினது, பன்னிப் பண்ணைய எடுத்தாங்க, ரோட்டுக் கடைங்கள ஹாக்கர் சென்டருக்குள்ள கொண்டு போனாங்க, கழிவுத் தண்ணிக்குத் தனியா குழாய் போட்டு மழைத் தண்ணிய விட்டு முழுசா பிரிச்சாங்க. அந்தக் குழாய் மண்ணுக்குள்ள இருக்கு, யாரும் அது முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்க மாட்டாங்க. கூவத்துல இன்னும் சாக்கடை வந்து விழுந்துட்டிருக்கு, அதை நிறுத்தாம கரையில கல்லு பதிச்சு செடி வெச்சா அது சாக்கடைக்கு போடுற மாலைதான். செய்யவே முடியாதுன்னு சொல்லல, அடையாறு கழிமுகத்துக்குப் பக்கத்துல 58 ஏக்கர்ல குப்பையும் கழிவும் கெடந்த எடத்த மறுபடி சதுப்பு நிலமாக்கி 2011ல தொல்காப்பியப் பூங்கான்னு தெறந்தாங்க, போயி பாருங்க, நத்தைகுத்தி நாரை வந்து நிக்குது.

ஆனா எனக்கு உறுத்துறது வேற ஒண்ணு. ஆத்தங்கரையில இருந்த குடும்பங்கள நம்ம எங்க கொண்டு போயி வெச்சோம்? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். சிந்தாதிரிப்பேட்டையில வீட்டு வேலைக்கோ மீன் விக்கவோ போயிட்டிருந்த அம்மாவுக்கு இருவது கிலோமீட்டர் தள்ளி ஒரு அடுக்குமாடி. இப்போ மேல நம்ம வேளச்சேரி வாசகிக்கு சொன்னேன் பாருங்க, எல்லாத் தண்ணியும் வந்து உக்காருற கழுவெளி, அதோட ஓரத்துலதான் இந்த மூணு எடமும் இருக்கு. வெள்ளத்துலருந்து காப்பாத்துறோம்னு சொல்லித்தான் நெறய பேர ஆத்தங்கரையிலருந்து எடுத்தோம், செம்மஞ்சேரியில மழைக்கு மழை இடுப்பளவு தண்ணி. இதை எழுதின ஃபைல்ல கையெழுத்து போட்டவங்கள்ல ப்ளானர்களும் உண்டு, எங்க தொழில்ல இதைப் பத்தி யாரும் சத்தமா பேசுறதில்ல.

எங்க ஊர்ல கல்குவாரிக்கு கருத்துக்கேட்புக் கூட்டம் வைக்கப்போறாங்களாம். போயி என்ன கேக்குறதுன்னே தெரியல, போன தடவை பக்கத்து ஊர்ல நடந்தப்போ பாதிப்பேர் கத்திட்டு வந்துட்டாங்க, பிரியாணி வாங்கிட்டு வந்தவங்களும் உண்டு. எங்க சொல்லுக்கு மதிப்பு இருக்கா அக்கா?
– நாமக்கல் பக்கத்துலருந்து ஒரு தம்பி

இருக்கு தம்பி, ஆனா கத்துறதுக்கு இல்ல, மினிட்ஸ்ல ஏறுறதுக்குத்தான் மதிப்பு. 2006 செப்டம்பர் 14ல வந்த இஐஏ அறிவிக்கைதான் இதுக்கு அடிப்படை, இஐஏன்னா ஒரு திட்டத்தால சுத்துப்புறத்துக்கு என்ன பாதிப்பு வரும்னு முன்கூட்டியே மதிப்பிட்டு அறிக்கை எழுதுறது. கூட்டத்துக்குக் கொறஞ்சது 30 நாளைக்கு முன்னாடி பேப்பர்ல விளம்பரம் வந்திருக்கணும், அதுல ஒண்ணு உள்ளூர் மொழிப் பேப்பரா இருக்கணும், அறிக்கையோட சுருக்கம் தமிழ்ல கலெக்டர் ஆபீஸ்லயும் உள்ளாட்சி ஆபீஸ்லயும் இருக்கணும், கூட்டத்த நடத்துறது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தலைமை கலெக்டர் இல்லன்னா அவருக்கு அடுத்த நிலையில இருக்குறவர். முழுசும் வீடியோ எடுக்கணும். முடியும்போது யார் யார் என்ன சொன்னாங்கன்னு தமிழ்ல படிச்சுக் காட்டணும், பெரும்பாலானவங்க அதுக்குள்ள எழுந்து வீட்டுக்குப் போயிருவாங்க, நீ போகாத, உன் கேள்வி அதுல வந்திருக்கான்னு கேட்டுட்டுப் போ. நேர்ல பேச கூச்சமா இருந்தா எழுதியும் குடுக்கலாம்.

இப்போ என் சாதிக்காரங்க பத்தி, அதாவது அறிக்கை எழுதுற கன்சல்டன்ட் பத்தி ஒரு உண்மை. அவங்களுக்கு சம்பளம் குடுக்குறது குவாரிக்காரர்தான். பரீட்சை எழுதுற பையன்தான் பேப்பர் திருத்துறவருக்கு ஃபீஸ் கட்டுறான்னா மார்க் எப்படி வரும்? நேர்மையா எழுதுற ஆளுங்களும் நெறய இருக்காங்க, நானே பாத்திருக்கேன், ஆனா அமைப்பே அப்படித்தான் இருக்கு. மகாராஷ்டிராவுல ரத்னகிரி பக்கம் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு குடுத்த அறிக்கை ரஷ்யாவுல இருக்குற ஒரு சுரங்கத்தோட அறிக்கையிலருந்து காப்பி அடிச்சதுன்னு கண்டுபிடிச்சு நாறிப்போச்சு, கொங்கணத்துல இல்லாத மரமெல்லாம் அதுல இருந்துச்சு.

அதனால நீ அறிக்கைய வாங்கி முழுசா படிக்க வேண்டாம், நூத்துக்கணக்கான பக்கம் இருக்கும். ஒரு மூணு எடத்த மட்டும் பாரு. சுத்தி இருக்குற கிணறு, ஓடை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் மேப்புல இருக்கான்னு உங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர பக்கத்துல வெச்சுட்டு பாரு, விட்டுப்போன ஓடை ஒண்ணாவது இருக்கும். தண்ணி சாம்பிள் எந்தக் கிணத்துல எந்த மாசம் எடுத்தாங்கன்னு பாரு, அந்தக் கிணத்துக்காரர கூட்டிட்டு வா, யாரும் வரலையே சார்னு அவரு மைக்ல சொல்லட்டும். மூணாவது, 500 மீட்டருக்குள்ள வேற குவாரி இருந்தா எல்லாத்தையும் கிளஸ்டரா சேத்துத்தான் கணக்குப் பண்ணணும், இதை மட்டும் தனியா காட்டியிருக்காங்களான்னு பாரு. பிரியாணி சாப்பிடுறவங்க சாப்பிடட்டும், அவங்கள திட்டி நேரத்த வீணாக்காத.

‘நிலைத்த வளர்ச்சி’க்கு 1987ல ஐ.நா.வோட ப்ரண்ட்லண்ட் கமிஷன் குடுத்த விளக்கம் பரீட்சைக்குப் படிக்கிறேன், மண்டையில ஏறல.
– கல்லூரி மாணவி, திருச்சி

வெதநெல்ல குத்தித் திங்காதன்னு உங்க பாட்டி சொல்லியிருப்பாங்களே, அதுதாம்மா, பின்னாடி வர்றவங்க தேவையில கை வைக்காம நம்ம தேவையப் பாத்துக்குறது. பரீட்சையில இப்படியே எழுதிராத.

எங்க கம்மாய ஆழப்படுத்த பணம் வந்திருக்கு. பொக்லைன் விட்டு பதினஞ்சு அடி தோண்டிட்டா வருஷம் முழுக்க தண்ணி நிக்கும்னு ஊர்ல ஒரு கூட்டம் சொல்லுது. எஞ்சினியர் வேண்டாங்கிறார். யார் சொல்றது சரி?
– சிவகங்கை மாவட்டத்துலருந்து ஒரு விவசாயி

இந்த தடவை எஞ்சினியர் பக்கம்தாங்க நான். கம்மாங்கிறது கிணறு இல்லீங்களே. மடையோட மட்டத்துக்குக் கீழ நீங்க எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணி மடை வழியா வயலுக்கு ஏறாது, சும்மா குழியில கெடக்கும், அப்புறம் மோட்டார் வெச்சிருக்குறவர் இறைப்பார், இல்லாதவர் வேடிக்கை பாப்பார். கரைய ஒட்டித் தோண்டினா கரை சரியும். அடியில காலங்காலமா படிஞ்ச களிமண்ணையும் தாண்டி மணலுக்குப் போயிட்டீங்கன்னா, பானையில ஓட்டை போட்ட கதைதான். வண்டல மட்டும் எடுத்து வயலுக்கு அடிங்க, உள்வாயில இருக்குற சீமைக்கருவேலத்த வேரோட எடுங்க, அது போதும்.

உண்மையில பணத்த எங்க போடணும்னா வரத்து வாய்க்கால்ல. தமிழ்நாட்டுல 39,000 ஏரி கம்மா இருக்குன்னு கணக்கு, அதுல பலதுக்கு நோவு வயித்துல இல்ல, தொண்டையில. மேல இருக்குற கம்மாயோட மிச்சத் தண்ணி வழியுற கலுங்குலருந்து உங்க ஊரு வரைக்கும் ஒரு நாள் நடந்து பாருங்க, வயலுக்குத் தண்ணி பங்கு வைக்கிற நீர்க்கட்டியோ மடை தெறந்து விடுற மடையரோ வயசானவர் யாராவது இருந்தா கூட்டிட்டுப் போங்க, எந்த எடத்துல வாய்க்கால் எட்டடி அகலம் இருந்துச்சு, யாரு வரப்ப நகத்தினா, எங்க ரோடு போட்டப்போ ஒரு அடிக் குழாய வெச்சு மூடினாங்கன்னு அவரு சொல்லிட்டே வருவாரு. அதைக் குறிச்சு மேப்பாக்குங்க. மதுரையில இருக்குற தானம் அறக்கட்டளை வயலகம்னு விவசாயிகள் சங்கமா சேத்து பல வருஷமா இதைத்தான் செஞ்சுட்டு இருக்காங்க, ஒரு கம்மாய மட்டும் பாக்காம மேலருந்து கீழ வரைக்கும் தொடரா பாக்குறது. மேட்டுப்பாளையம் பக்கத்துல ஓடந்துறை ஊராட்சி 2006ல 350 கிலோவாட் காத்தாலை சொந்தமா போட்டு மின்வாரியத்துக்கே கரண்ட் வித்துச்சே, அந்த ஊரு ஆளுங்களுக்கு கொம்பா மொளச்சிருக்கு? குடிதண்ணிக்கு ஆகுற கரண்ட் பில்லுல ஆரம்பிச்சு கணக்குப் போட்டு போட்டு அங்க போயி நின்னாங்க. உங்களுக்கு கணக்கு வாய்க்கால்ல ஆரம்பிக்குது.

என் பொண்ணு ப்ளஸ் டூ. டாக்டர் வேண்டாம், சுற்றுச்சூழல் ப்ளானிங் படிக்கணும்ங்கிறா. இதுக்கு வேலை கெடைக்குமா? சொந்தக்காரங்க சிரிக்கிறாங்க.
– திருநெல்வேலியிலருந்து ஒரு அப்பா

சிரிக்கட்டும் சார். பி.ப்ளான்னு நாலு வருஷப் படிப்பு, டெல்லி, போபால், விஜயவாடா மூணு எடத்துல இருக்குற ஸ்கூல் ஆஃப் ப்ளானிங் அண்ட் ஆர்கிடெக்சர்ல ஜேஇஇ மெயின் பேப்பர் 2பி எழுதி சேரலாம். மேல எம்.ப்ளான்ல சுற்றுச்சூழல் ப்ளானிங்னே தனிப் பிரிவு டெல்லியிலயும் போபால்லயும் இருக்கு, நம்ம அண்ணா யுனிவர்சிட்டியிலயும் எம்.ப்ளான் இருக்கு. வேலைன்னா நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபி, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ, கன்சல்டன்சி, தொண்டு நிறுவனம், டிஎன்பிஎஸ்சி வழியா நகர் ஊரமைப்புல உதவி இயக்குநர். சிஎம்டிஏ எல்லையே 2022ல 1,189 சதுர கிலோமீட்டர்லருந்து 5,904ஆ விரிஞ்சிருச்சு, அத்தனைக்கும் ப்ளான் போட ஆளு வேணும்ல. சம்பளம் ஆரம்பத்துல ஐடி அளவுக்கு வராது, அதை மறைக்க விரும்பல. பொண்ணுக்கு வெயில்ல நடக்கப் பிடிக்குமா, தெரியாத ஆளுகிட்ட பேச்சுக் குடுக்க வருமா, இந்த ரெண்டையும் மட்டும் கேட்டுக்கோங்க, மத்தபடி சாஃப்ட்வேர் எல்லாம் ஆறு மாசத்துல வந்துரும்.

இவ்வளவு பேசுறீங்களே, நீங்க போட்ட ப்ளான் ஒண்ணாவது நடந்திருக்கா?
– பேர் போடாத வாசகர்

பேர் போட்டிருந்தா நேர்லயே வந்து டீ வாங்கிக் குடுத்திருப்பேன். நடந்த ஒண்ணால பட்ட அவமானத்த மொதல்ல சொல்றேன். வேலைக்குச் சேந்த புதுசு, ஒரு சின்ன டவுன்ல புது பஸ் ஸ்டாண்டுக்கு எடம் பாக்கச் சொன்னாங்க, நானும் மேப்புல பாத்து மெயின் ரோட்ட ஒட்டி அரசாங்க நிலம் ஒண்ணு அம்சமா இருக்கேன்னு குறிச்சேன், நேர்ல போனது சித்திரை மாசம், தரை பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. அங்க பூ வித்துட்டிருந்த அம்மா ஒண்ணு என்னைப் பாத்து, ஐப்பசில வந்து பாரும்மான்னு சொல்லிச்சு. நான் சிரிச்சுட்டு வந்துட்டேன், ரிப்போர்ட் அடுத்த நாள் குடுக்கணும். பஸ் ஸ்டாண்ட் கட்டினாங்க, முதல் மழைக்கே பஸ்ஸெல்லாம் டயர் முங்க நின்னுச்சு. அந்தம்மா நல்லவேளை என்னைத் தேடி வரல.

பெருமைப்படுற மாதிரி நடந்ததுன்னா ஒரு கல்வெர்ட்டு, அதாவது ரோட்டுக்கு அடியில தண்ணி போறதுக்கு விடுற சின்னப் பாலம். பைபாஸ் ரோடு ஒண்ணுல, ஓடை தாண்டுற எடத்துல ரெண்டு குழாய் போட்டிருந்த டிராயிங்க, ஊர்க்காரங்க நாலு பேர கூட்டிட்டுப் போயி மூணு மீட்டிங் சண்டை போட்டு ஆறடி அகலப் பெட்டிக் கல்வெர்ட்டா மாத்த வெச்சோம். அதுல என் பேரு இல்ல, கல்வெட்டுல எம்எல்ஏ பேருதான். மழைக்கு அந்தப் பக்கம் போனா இப்பவும் வண்டிய ஓரங்கட்டிட்டு எறங்கி எட்டிப் பாப்பேன், என் வீட்டுக்காரர் காருக்குள்ளயே உக்காந்துப்பார்.

எங்க வீட்டுல மழைநீர் சேகரிப்பு இருக்கு, ஆனா போர்ல தண்ணி ஏறவே இல்ல. என்ன கோளாறு?
– அம்பத்தூர் வாசகர்

2003ல கட்டாயம்னு வந்தப்போ அவசர அவசரமா போட்டதா இருக்கும், நெறய வீட்டுல ப்ளான் பாஸ் ஆகுறதுக்காக ஒரு குழாய மண்ணுல சொருகி சிமென்ட் பூசி விட்டுட்டாங்க. புரட்டாசி பொறக்கறதுக்குள்ள ஒரு வேலை பண்ணுங்க, மாடில போயி ரெண்டு குடம் தண்ணிய குழாய் வாயில ஊத்திட்டு கீழ வந்து அது எங்க வெளிய வருதுன்னு பாருங்க. தெருவுல வந்தா, ப்ளம்பர கூப்பிடுங்க. எங்கயுமே வரலைன்னா ஃபில்டர் குழியத் தெறந்து ஜல்லியையும் மணலையும் அள்ளி அலசிட்டு மறுபடி போடுங்க, உள்ள, போன தீபாவளியோட பட்டாசுப் பேப்பரெல்லாம் அப்படியே இருக்கும்.